மிளகி வெறும் வயிற்றோடு போன கதை

ஒரு காட்டில் ஒரு கரடித் தம்பதி பூனை வளர்த்தார்கள். கரடி எங்கேயாவது பூனை வளர்க்குமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சிங்கம் மந்திரிசபை கூட்டியது என்று சொன்னபோதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர்கள்தானே நீங்கள்? அப்போது வராத சந்தேகம் இப்போது மட்டும் ஏன் வருகிறது?

கரடியின் பெயர் அடைக்கப்பன். அவர் மனைவி தேனம்மை. ஒரே மகன் வடக்கே ஏதோ ஒரு பனிக்காட்டில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். எப்போதாவது வீடியோ காலில் வருவான், "நெட்வொர்க் சரியில்லம்மா" என்று சொல்லிப் போய்விடுவான். அவனுக்கென்று தேனம்மை சேர்த்து வைத்திருந்த பாசம் முழுவதும் பூனையின் தலையில் இறங்கியது. வெள்ளை உடம்பில் மிளகை அள்ளித் தூவியதுபோல் புள்ளிகள் இருந்ததால் பூனைக்கு மிளகி என்று பெயர் வைத்தாள்.

மிளகிக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. பாலுக்குப் பால், மீனுக்கு மீன், படுக்கக் கிழிந்த கம்பளி. ஒரே ஒரு தொல்லைதான். அவள் ஓயாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஈட்டுக் குட்டிகள் பால் மறக்கும் முன்பே அடுத்த ஈடு வயிற்றில் இருக்கும். விலா எலும்பு தெரிந்தது. முதுகில் முடி கொட்டிவிட்டது. ஒரு நாள் பால் கிண்ணத்தில் முகத்தை வைத்தபடியே தூங்கிப்போய், மூக்கில் பால் ஏறித் தும்மி எழுந்தாள்.

வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு தட்டைப் பாறை உண்டு. காலை வெயில் முதலில் அதன்மேல்தான் விழும். அந்தப் பாறையில் மல்லாந்து படுத்து, யாரும் வந்து மடியை இழுக்காமல், ஒரே ஒரு முழுத் தூக்கம் தூங்க வேண்டும் என்பதுதான் மிளகியின் ஆசை. வேறு பெரிய கனவெல்லாம் அவளுக்கு இல்லை.

வீட்டில் பூபதி என்று ஒரு கடுவனும் இருந்தான். குட்டி விவகாரத்தில் அவன் வேலை கொஞ்ச நேரம்தான். அதை முடித்துக்கொண்டு, வாசல் கதவில் தன் வாசனையைப் பீய்ச்சி அடித்துவிட்டு, அரிசி மூட்டைமேல் ஏறித் தூங்கப் போய்விடுவான்.

குட்டிகளுக்கு வீடு தேடும் வேலை அடைக்கப்பன் தலையில் விழுந்தது. அவர் கூடையோடு வருவதைப் பார்த்தாலே காட்டில் கதவுகள் சாத்திக்கொள்ளும். மான் வீட்டில், "வீட்ல யாரும் இல்ல" என்று மானே உள்ளேயிருந்து குரல் கொடுத்தது. முயல் வெளியே வந்து கும்பிட்டது. "அண்ணே, எங்க வீட்லயே உக்கார எடமில்ல. நீங்க வேற" என்றது. அதுவும் உண்மைதான்.

இல்லை என்று சொல்லாமல் குட்டிகளை வாங்கிக்கொண்டவர் ஒருவரே. அவர் மலைப்பாம்பு சுருளாண்டி.

நீங்கள் பதறுவது புரிகிறது. ஆனால் சுருளாண்டி தன் பெயருக்குப் பக்கத்திலேயே 'சுத்த சைவம்' என்று போட்டிருந்தார். போட்டிருந்தால் நம்பவேண்டியதுதானே? காட்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போவார். நகர்வதற்கு நேரம் ஆகும் என்பதால்.

"பிள்ளைகன்னா எனக்கு உசுரு, தாயி" என்பார் தேனம்மையிடம். "எத்தன இருந்தாலும் குடு. நான் வச்சுப் பாத்துக்கறேன்."

தேனம்மை ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் சிவப்புக் கயிற்றில் ஒரு சின்ன வெண்கல மணியைக் கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்புவாள். சந்தையில் ஒவ்வொரு மணியாக ஆட்டிப் பார்த்து வாங்கியவை அவை. ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு இருக்காது. எங்கே திரிந்தாலும் பிள்ளை இருக்குமிடம் தெரியவேண்டும் என்பது அவள் எண்ணம்.

வழியில் சுருளாண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மிளகி கேட்பாள். "பிள்ளைக எல்லாம் சௌக்கியமா அண்ணாச்சி?"

"சௌக்கியத்துக்கு என்ன கொறச்சல்? வெளிய தெருவ விடறதில்ல. காலம் கெட்டுக் கெடக்குதுல்ல" என்பார் அவர். மிளகிக்கு மனசு நிறைந்துவிடும். தன்னால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை இன்னொருவர் இப்படிக் கட்டுக்காவலோடு வளர்க்கிறாரே என்று அவர் போகும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் ஆலமரத்தடியில் தட்டி கட்டினார்கள். 'மாபெரும் இலவசப் பூனை நல முகாம். கருத்தடை அறுவை சிகிச்சை. தாயின் நலமே காட்டின் நலம். இவண், எலிகள் முன்னேற்றச் சங்கம்.'

எலிகளுக்குப் பூனைகள்மேல் எதற்கு இவ்வளவு கரிசனம் என்று காட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இலவசம் என்று போட்டிருந்தால் நம் ஆட்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. சங்கத்தின் பொதுக்குழுவில் விஷயத்தைப் பச்சையாகவே பேசி முடித்திருந்தார்கள். இருக்கிற பூனைகளை ஒன்றும் செய்ய முடியாது, வரப்போகிற பூனைகளையாவது வராமல் தடுப்போம் என்பது தீர்மானம். அது வெளியே வரும்போது தாயின் நலமாக மாறிவிட்டது.

சங்கச் செயலாளர் நெல்லையப்பன் கரடி வீட்டுக்கு நேரிலேயே வந்தார். நேரில் என்றால் சுவரில் இருந்த பொந்து வரைக்கும். மீசை மட்டும் வெளியே தெரிந்தது.

"அக்கா, ஒங்க ஒடம்பப் பாத்தா எங்களுக்கு மனசு தாங்கலக்கா" என்றது மீசை. "வயித்துல சின்னதா ஒரு கீறல். குட்டி உண்டாகற பையை எடுத்துட்டு ரெண்டு தையல். பத்து நாள்ல ஆறிடும். அப்புறம் ஒங்க சௌகரியம். குட்டியும் இல்ல, பாலும் குடுக்க வேணாம், ராத்திரி வீட்டுக்கூரைல கடுவன்கள் சண்டையும் இல்ல."

மிளகிக்கு முதலில் விளங்கவில்லை. இது நிற்கக்கூடிய விஷயம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. மழை, வெயில், பசி போல இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தாள். பொந்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் பயந்து மீசையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எனக்குப் பண்ணிடுங்கம்மா" என்றாள் மிளகி அன்று சாயங்காலம் தேனம்மையிடம்.

"பாருங்க, பாவம், எதையோ கேட்டுப் பயந்துபோயி ஒளறுது" என்றாள் தேனம்மை கணவனிடம்.

"பயமில்லம்மா. வேணும்னுதான் சொல்றேன்."

"கத்துது பாருங்க. பசி போல இருக்கு" என்று தேனம்மை பால் ஊற்றினாள்.

அடைக்கப்பன் ஆலமரத்தடிக்குப் போய் விசாரித்து வந்தார். முகாமின் டாக்டர் ஒரு தையல்சிட்டு. பெயர் டாக்டர் பஞ்சவர்ணம். இலையையே கிழியாமல் தைக்கிறவருக்குப் பூனைத்தோல் எம்மாத்திரம்? டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "வீட்ல கடுவன் இருந்தா அதையும் கூட்டிட்டு வாங்க. அது இன்னும் சுளுவு. காலைல பண்ணினா சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அடைக்கப்பன் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டார். அப்படியே வீடு வரை நடந்தும் வந்தார்.

"அவன் என்ன பாவம் பண்ணினான்?" என்றார் மனைவியிடம். "ஆம்பளைய ஆம்பளையா இருக்க விடணும் தேனு. அவன் மனசு என்ன பாடு படும்?"

பூபதி அரிசி மூட்டைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

விஷயம் காட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. சுருளாண்டிக்குக் கையில்லை. அதனால் அவர் எதையும் டைப் அடிக்கமாட்டார், குரல் பதிவுதான் போடுவார். அன்று போட்ட பதிவு ஆமைகூட நின்று கேட்டுவிட்டுப் பொறுமையிழக்கும் அளவுக்கு நீளம். "தாய்மைங்கறது சாமி குடுத்த வரம். அதுல கத்தி வைக்க இந்த எலிப்பயலுக யாரு? ஒரு தாயோட வயித்த மூடறதும் ஒரு கோயிலோட கதவ மூடறதும் ஒண்ணு" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவருக்கு அழுகை வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் வந்தது எச்சில். காடு முழுக்க அந்தப் பதிவுக்குக் கைகூப்பி வரிசையாகப் படம் போட்டது. கையே இல்லாத மண்புழுவும் போட்டது.

தேனம்மை இரண்டு நாள் குழம்பினாள். மூன்றாம் நாள் காலையில் மிளகி மறுபடியும் கிண்ணத்தில் முகம் வைத்துத் தூங்குவதைப் பார்த்தாள். விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள். "சரி, கூட்டிட்டுப் போவோம்" என்றாள். மிளகிக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடி, பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்லி அனுப்பியிருந்தார். முந்தின சாயங்காலத்திலிருந்து பூனை ஒன்றும் சாப்பிடக்கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடும், உயிருக்கே ஆபத்து.

மறுநாள் ஆலமரத்தடியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். டாக்டர் பஞ்சவர்ணம் கிளையில் இருந்தபடியே கேட்டார். மயக்க ஊசி வேலை செய்யும் வரை அவர் கீழே இறங்குவதில்லை. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பூனைகளுக்கு நடுவே தொழில் செய்கிற சிட்டுக்கு அந்த அளவு புத்தி வேண்டாமா?

"கடைசியா என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்றாள் தேனம்மை.

"காலைல?"

"ஒண்ணுமே இல்லீங்க. வெறும் தொண்டைய நனைக்கத் துளி பால்."

டாக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பால் மட்டுந்தானா?"

"வெறும் பால் எப்படி எறங்கும்? ரெண்டு நெத்திலி போட்டேன். அப்புறம் கெளம்பற நேரத்துல மூஞ்சியத் தூக்கிப் பாத்துச்சு, மனசு கேக்கல, ஒரு வாய் தயிர் சோறு. அவ்வளவுதான் டாக்டர். வெறும் வயித்தோட ஒரு உயிர வீட்ட விட்டு எப்படிங்க அனுப்பறது? அதுவும் ஆபரேஷனுக்கு? தெம்பு வேணாமா?"

நெத்திலியை வாயருகே கொண்டுவந்து ஊட்டியபோது மிளகி தின்றுவிட்டாள். பூனைதானே. எதற்காகச் சாப்பிடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அடுத்த முகாம் மழை முடிஞ்சு" என்றார் டாக்டர். "அடுத்த டோக்கன்!"

திரும்பி வரும் வழியெல்லாம் தேனம்மை, "விடு கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வாரம் பூபதி மூட்டையை விட்டு ஒரு முறை இறங்கினான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தபோது மிளகிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. கடைசிக் குட்டி கடுகு அளவுதான் இருந்தான், அதனால் கடுகு என்று பெயர். குட்டிகள் பால் மறக்க ஆரம்பித்ததும் நான்கு மணிகள் வந்தன, சுருளாண்டியும் வந்தார். "ஒண்ணொண்ணா குடு தாயி. ஒரேயடியா குடுத்தா எனக்குத் தாங்காது, வயசாச்சு" என்று சொல்லி, வாரத்துக்கு ஒன்றாக அழைத்துப் போனார். மூன்றாவது குட்டி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதன் மணிக்கு மட்டும் கொஞ்சம் கம்மிய குரல். ஓரத்தில் சின்னதாகக் கீறல் விழுந்த மணி அது.

முகாம் தேதி அறிவித்ததும் சுருளாண்டி மறுபடியும் குரல் பதிவு போட்டார். தேனம்மை அடுப்படியில் வேலை செய்துகொண்டே அதைக் கேட்டாள். "தாய்மை" என்று அவர் மூச்சை இழுத்துப் பேசும்போதெல்லாம் பின்னால் மெலிதாக ஒரு மணி ஒலித்தது. கம்மிய குரல்.

மிளகி காதைத் தூக்கினாள். 'என் பிள்ளை அவர் பக்கத்திலேயே விளையாடுகிறது' என்று நினைத்தாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம். அந்தப் பதிவை மறுபடியும் போடச் சொல்லித் தேனம்மையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தேனம்மை பசி என்று நினைத்து மீன் வைத்தாள்.

இந்த முறை மிளகி முன்ஜாக்கிரதையாக இருந்தாள். முகாமுக்கு முந்தின சாயங்காலமே போய்ப் பலாமரத்தில் ஏறிக்கொண்டாள். தேனம்மை கிண்ணத்தோடு கீழே வந்து நின்றாள்.

"கண்ணு, ரெண்டே ரெண்டு வாய்."

"வேணாம்மா."

"அயிரை மீனு கண்ணு."

மிளகி கண்ணை மூடிக்கொண்டாள். கரடிக்கு மரம் ஏறத் தெரியும் என்பதை அவள் மறந்திருந்தாள். தேனம்மை கிண்ணத்தை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்தாள். மிளகி மேல் கிளைக்குப் போனாள். தேனம்மையும் வந்தாள். மிளகி இன்னும் மெல்லிய கிளைக்குப் போனாள். கிளை முனகியது. ஒரு பக்கம் பாசம், ஒரு பக்கம் பட்டினி, நடுவில் அயிரை மீன் வாசனை. "பட்டினி கெடந்து செத்துடாத தாயி!" என்று தேனம்மை அழுதாள். கீழே அடைக்கப்பன், "ரெண்டு பேரும் எறங்குங்க, கிளை தாங்காது" என்று கத்திக்கொண்டே, எங்கே தன்மேல் விழுந்துவிடுவார்களோ என்று தள்ளிப் போய் நின்றுகொண்டார். கடைசியில் அயிரை மீன்தான் கீழே விழுந்தது. பூபதி வந்து தின்றுவிட்டுப் போனான்.

விடிந்ததும் மிளகி தானே இறங்கி, தானே முன்னால் நடந்தாள். பின்னால் தேனம்மை, இடுப்பில் கடுகுக் குட்டியோடு. முகாமுக்கே வந்து குட்டியை வாங்கிக்கொள்வதாகச் சுருளாண்டி சொல்லியிருந்தார். ஒரே நடையில் இரண்டு வேலை. அடைக்கப்பன் பூபதியை மூட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்க என்று சொல்லி, தேனம்மைதான் தூக்கிவரச் சொன்னாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டே?" என்றார் டாக்டர் கிளையிலிருந்து.

"நேத்து மத்தியானத்துக்கப்புறம் ஒண்ணுமில்ல" என்றாள் மிளகி, டாக்டரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே. டாக்டர் இரண்டு கிளை மேலே ஏறி உட்கார்ந்தார்.

"நம்பறேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் சுருளாண்டி வந்து சேர்ந்தார். சாப்பிட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் மெதுவாக வந்தார். தலை முகாமுக்கு வந்து வெகுநேரம் கழித்தே வால் வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் அணைபோல் படுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"தாய்மார்களே! இது வயித்துல அடிக்கிற வேல! இந்தக் காட்டுல இனிமே ஒரு குட்டிச் சத்தம் கேக்குமா? ஒரு வீட்ல தொட்டில் ஆடுமா? நெனச்சுப் பாக்கவே எனக்குப் பசி..." என்று நிறுத்தி, "பதைபதைக்குது" என்று திருத்தினார்.

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தேனம்மைக்கே மறுபடியும் மனசு தளும்ப ஆரம்பித்தது.

டாக்டர் பஞ்சவர்ணம் பேச்சைக் கேட்கவே இல்லை. அவருக்கு வரிசையில் யார் இருந்தாலும் நோயாளிதான். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன கேள்வியை அடுத்தவரிடமும் கேட்டார்.

"நீங்க கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

சுருளாண்டி திடுக்கிட்டார். வாழ்நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "நானா? நான் சுத்த சைவம்மா! சாமி சத்தியமா!" என்று உடம்பைத் தூக்கி நிமிர்ந்தார்.

அவர் நிமிர்ந்ததும் வயிற்றுக்குள் மணி அடித்தது.

முதலில் கம்மிய குரலில் ஒன்று. அதன் பின்னால் இன்னும் இரண்டு. அதற்கும் அடியில், எங்கோ ஆழத்தில், பழைய மணிகள் சில. தேனம்மை இடுப்பில் இருந்த கடுகு அந்தச் சத்தம் கேட்டுத் துள்ளினான். அவன் கழுத்து மணியும் பதிலுக்கு அடித்தது.

மிளகி எழுந்து மெதுவாக அவர் வயிற்றருகே போய்க் காதை வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். தன் பிள்ளைகளின் மணி ஒரு தாய்க்குத் தெரியாதா? அவர் போகும் திசையைப் பார்த்துத் தான் கும்பிட்டதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது.

"வெளிய தெருவ விடறதில்லன்னு சொன்னீங்களே அண்ணாச்சி" என்றாள்.

"ஆமா தாயி" என்றார் சுருளாண்டி. "எங்கயும் விடல பாரு."

தேனம்மை கடுகைக் கணவன் கையில் கொடுத்தாள். கூந்தலை முடிந்துகொண்டாள். நடந்து போய்ப் பாம்பின் நடுவயிற்றில் ஏறி உட்கார்ந்தாள். தேனும் பலாவும் தின்று வளர்ந்த உடம்பு. மணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தரையில் உருண்டன. நான் எண்ணவில்லை. மிளகி எண்ணினாள்.

அன்றே சுருளாண்டியைக் காட்டை விட்டுத் துரத்தினார்கள். அவர் பக்கத்துக் காட்டுக்குப் போய்த் தாய்மைப் பாதுகாப்புப் பேரவை ஆரம்பித்து, இப்போது அதன் நிரந்தரத் தலைவராக இருக்கிறார் என்று கேள்வி. கைகூப்பிப் படம் போட்ட குழுவில் அன்று முழுவதும் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலையில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் மிளகி மணிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இரண்டு கிளை கீழே வந்தார். "இன்னிக்கு வேணாம்மா. மனசு சரியில்லாதப்ப எதுக்கு? அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்" என்றார்.

"இன்னிக்கே பண்ணுங்க டாக்டர்" என்றாள் மிளகி. "எனக்கு இனிமே மணி கட்டி அனுப்பத் தெம்பில்ல. பட்டினி கெடக்கவும் தெம்பில்ல."

நர்ஸ் முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஓர் ஊசியை உருவி, மருந்தில் தோய்த்துக் குத்தியது. கண் சொருகும்போது மிளகி கடைசியாகப் பார்த்தது, குண்டாக, இளசாக, தன்னை நோக்கி இறங்கி வரும் ஒரு சிட்டு. நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கிவிட்டுத் தூங்கிப்போனாள். கீறல் சின்னது. தையல் அதைவிடச் சின்னது. டாக்டர் நூலைப் பல்லால் கடித்து வெட்டினார் என்று சொல்ல ஆசைதான், சிட்டுக்குப் பல் இல்லை.

"அடுத்தது யாரு?" என்றார் டாக்டர்.

"இவன். நேத்து சாயங்காலம் தின்ன அயிரையோட சரி, அப்புறம் ஒண்ணும் குடுக்கல" என்று தேனம்மை பூபதியை மேசையில் வைத்தாள்.

"தேனு, அவன் மனசு..." என்று ஆரம்பித்த அடைக்கப்பன், நர்ஸ் கத்தியை எடுத்ததைப் பார்த்ததும் மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். அன்று முகாமில் அதிக நேரம் மயக்கத்தில் இருந்தவர் அவர்தான். பூபதி சாயங்காலம் எழுந்து, வீட்டுக்கு நடந்து வந்து, மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டான். ஆண்மை போய்விடும், மனசு ஒடிந்துவிடும் என்றெல்லாம் சொன்னார்களே, அவனிடமிருந்து போனது வாசல் கதவில் பீய்ச்சி அடிக்கிற பழக்கம் ஒன்றுதான். அதை அவன் தேடவுமில்லை.

மிளகி தையலை நக்கிவிடக்கூடாது என்று தேக்கிலையைக் கூம்பாகச் சுருட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அந்தக் கூம்போடு அவள் பாறைக்குப் போனாள். வெயில் வந்தது. மல்லாந்து படுத்தாள். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாளும் கொஞ்சம் அழுதாள். அதன் பிறகு தூங்கினாள். ஆண்டுக்கணக்கில் பாக்கியிருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கினாள். கடுகு பக்கத்தில் படுத்திருப்பான், அம்மாவை எழுப்பமாட்டான். தேனம்மை ஒரு நாளைக்கு நான்கு வேளை பால் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். விலா எலும்பு மறைந்தது. முதுகில் முடி முளைத்தது.

ஒரு நாள் காலையில் மிளகிக்குத் தூக்கம் முழுவதும் தீர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் கூம்பையும் கழற்றினார்கள். எழுந்து முதுகை நக்கி முடித்தாள். வாலை நக்கினாள். கடுகையும் நக்கினாள். சூரியன் இன்னும் தென்னை உயரம்கூட வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மிளகிக்குப் பொழுது போகவில்லை.

இதை எலிகள் முன்னேற்றச் சங்கத்தின் பொதுக்குழு யோசிக்கத் தவறிவிட்டது. இத்தனை வருடம் இந்தப் பூனை ஏன் ஓர் எலியைக்கூடத் துரத்தவில்லை என்று யாராவது கேட்டிருக்கலாம். நல்ல மனசு என்று நினைத்துவிட்டார்கள். அவளுக்கு நேரம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே செயலாளர் நெல்லையப்பன் நிர்வாகிகளோடு பாறைக்கு வந்தார். முகாமின் வெற்றியை ஆண்டறிக்கையில் போட ஒரு போட்டோ வேண்டும். குட்டி நிறுத்திய பூனை கொழுத்துச் சோம்பிவிடும் என்று எங்கோ படித்திருந்தார், அந்தத் தைரியத்தில் முதல் தடவையாகப் பொந்தை விட்டு முழு உடம்போடு வெளியே வந்தார். நேரில் பார்த்தால் நல்ல உருண்டை. பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் தட்டியும் பிடித்தார்கள். 'தாயின் நலமே காட்டின் நலம்.'

"எப்படி இருக்கீங்கக்கா?" என்றார் நெல்லையப்பன், போட்டோவுக்காக நெருங்கி நின்றுகொண்டு.

"ரொம்ப நல்லா இருக்கேன் தம்பி" என்றாள் மிளகி. அவள் மனசாரச் சொன்னாள். "ஒங்க புண்ணியத்துலதான் நான் தூங்கினேன். என் கடுகு ஒருத்தன் மிஞ்சினான். இந்த நன்றிய நான் மறக்கவே மாட்டேன்."

"எங்க கடமைக்கா. இப்ப ஒடம்புல ஏதும் கஷ்டம் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. நல்லாப் பசிக்குது."

"அதுதான் வேணும்! நல்ல அறிகுறி!" என்று நெல்லையப்பன் மகிழ்ந்துபோய், போட்டோ எடுப்பவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எல்லாரும் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. சிரிங்க!"

முதல் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது போட்டோவில் மிளகியும் பொன்னாடையும் மட்டும் இருந்தார்கள்.

நீதி: உன் நலனுக்காக ஒருவர் உருகினால், அவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேள். நீ ஒருவர் நலனுக்காக உருகினால், அவர் சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் போ.